தாயை இழந்த மகளும் தந்தையின் கடமையும்

மனிதனுக்கு அல்லாஹ் தரும் சோதனைகளில், சிறு வயதுப் பெண்மக்களை விட்டுவிட்டு அவர்களுடைய தாய் மவுத்தாகிவிடுவது மிகக் கடுமையான ஒன்று. மனைவியை இழந்த துக்கம் ஆறுமுன்பே, மகளுக்குத் தலைவாரி விடுவது யார் என்ற கேள்வி தகப்பனின் முன் வந்து நிற்கும்.

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், மல்லி; பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் போக வேண்டும். அப்படிப் போகிறவர் அடுப்பையும் தம்பி தங்கைகளையும் மூத்த மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பத்துப் பன்னிரண்டு வயதில் அவள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் தாயாகிவிடுகிறாள். பொறுப்பான பிள்ளை என்று ஊரும் மெச்சுகிறது. தாயை இழந்த பிள்ளையை நாமே தாயாக்கிவிட்டால், அவளுக்குத் தாய் யார்? மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

அண்ணலார் இல்லத்தில்

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபித்துவத்தின் 10-ஆம் ஆண்டில், கி.பி. 619-இல் வஃபாத்தானார்கள். அவ்வாண்டில்தான் அபூதாலிபும் இறந்தார். குறைஷிகளின் கொடுமை எல்லை மீறியது. ஒருநாள் ஒருவன் நபி (ஸல்) அவர்களின் தலையில் மண்ணை வாரிப் போட்டான். வீட்டுக்கு வந்த தந்தையின் தலையை மகளார் அழுதுகொண்டே கழுவினார்கள். அழ வேண்டாம் என்றும், உன் தகப்பனை அல்லாஹ் காப்பான் என்றும் நாயகம் (ஸல்) மகளைத் தேற்றினார்கள். துன்பப்பட்டவர் தந்தை, ஆறுதல் சொன்னவரும் தந்தையே! மகளின் பணிவிடையை அவர்கள் ஏற்றார்கள். தம் துக்கத்தின் பாரத்தை அவள்மீது ஏற்றவில்லை. தம் செருப்பையும் கிழிந்த ஆடையையும் தாமே தைத்துக்கொண்டார்கள். வீட்டு வேலை ஆணுக்கு இழிவு என்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

அன்னையாரின் பெயரையும் அவர்கள் மறைத்து வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தும், ஆடு அறுத்தால் கதீஜா (ரலி) அவர்களின் தோழியருக்கு அதில் பங்கு அனுப்புவார்கள். நம்மில் சிலர், பிள்ளை அழுவாளே என்று தாயின் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. அவள் பேசட்டும், தாய்க்காக துஆச் செய்யவும் ஸதகா கொடுக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். அதன் நன்மை தாய்க்குச் சேரும்.

தாயின் நகை யாருக்கு?

ஹிஜ்ரி 2-இல் (கி.பி. 624) பத்ருப் போரில் ஜைனப் (ரலி) அவர்களின் கணவர் சிறைபட்டார். அவரை மீட்க ஜைனப் (ரலி) மக்காவிலிருந்து ஒரு கழுத்துமாலையை அனுப்பினார்கள். அது திருமணத்தின்போது தாய் கதீஜா (ரலி) அணிவித்தது. அதைக் கண்டதும் நபி (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிவிட்டது. தோழர்களின் சம்மதத்தைக் கேட்டு, மாலையை மகளுக்கே திருப்பி அனுப்பி, கணவரையும் விடுவித்தார்கள்.

இன்று நம் ஊர்களில் நடப்பதென்ன? மனைவியின் நகை முழுவதும் தமக்கே சொந்தம் என்று கணவர் நினைக்கிறார். அது தவறு. தாய் தந்தை இல்லாத ஒரு பெண், கணவர், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தால், கடனும் வஸிய்யத்தும் நீங்கலாக உள்ள 12 பவுனில் கணவருக்கு 3, மகனுக்கு 6, மகளுக்கு 3. கொடுக்காமல் நிலுவையில் உள்ள மஹரும் அவளுடைய சொத்தோடு சேர்ந்து பங்கிடப்பட வேண்டிய கடனே. சிறுமியின் பங்கு தகப்பனிடம் அமானிதம். அதை எடுத்துப் புது மனைவியின் கழுத்தில் போட அவருக்கு உரிமையில்லை.

தாய்வழி உறவு

ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை யார் வளர்ப்பது என்று ஹிஜ்ரி 7-இல் மூன்று ஸஹாபிகள் வழக்காடியபோது, தாயின் சகோதரி தாயின் தகுதியில் இருக்கிறாள் என்று கூறி, சின்னம்மா முறையுள்ளவரின் வீட்டுக்கே நபி (ஸல்) தீர்ப்பளித்தார்கள். தாய் இல்லாதபோது குழந்தையை வளர்க்கும் உரிமையில் தாயைப் பெற்ற பாட்டியையே நம் ஃபிக்ஹு நூல்கள் முதலில் வைக்கின்றன. சீர்வரிசைத் தகராறைக் காட்டி மாமியார் வீட்டுப் போக்குவரத்தை வெட்டிக்கொள்வது, பிள்ளையை இரண்டாம் முறை தாயற்றவளாக்குவதாகும்.

மாதவிலக்கு, குளிப்பு, தொழுகை பற்றிய சட்டங்களை மகள் அறியச் செய்வதும் தகப்பனின் பொறுப்பே. வெட்கத்தால் தம்மால் முடியாவிட்டால் பாட்டியையோ சின்னம்மாவையோ கொண்டு, காலம் வருமுன்பே சொல்லித் தர வேண்டும். பயந்து நடுங்கும் பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லாமல் விடக் கூடாது.

மறுமணம்

மறுமணம் குற்றமன்று. கதீஜா (ரலி) வஃபாத்தான ஆண்டிலேயே, வயதில் மூத்த விதவையான ஸவ்தா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) மணந்தார்கள். உஹதில் தந்தை ஷஹீதானபின் ஜாபிர் (ரலி), தம் தங்கையரைத் தலைவாரிப் பராமரிக்க வல்லவர் வேண்டுமென்று முன்பு மணமான ஒரு பெண்ணையே தேர்ந்தார்கள். நபி (ஸல்) அதைச் சரியென்று ஏற்றார்கள். ஆகவே பெண் பார்க்கப் போகும் தகப்பன், தமக்கு மனைவியை மட்டும் தேட வேண்டாம். தம் மகள் தலையை யார் கையில் கொடுக்கலாம் என்பதையும் பார்க்கட்டும். பாரம் குறைந்தால் போதுமென்று மகளை அவசரமாகக் கட்டிக் கொடுப்பது தீர்வாகாது.

சகோதரர்களே! வேலை முடிந்து வந்ததும் மகளிடம் சோறு ஆயிற்றா என்று கேட்குமுன், நீ சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போனில் கேளுங்கள். அத்தா இருக்கிறார் என்ற தைரியம் அவளுக்கு அதிலிருந்தே பிறக்கும். தாயை இழந்த பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக! அவர்களின் தந்தையருக்கு அமானிதம் பேணும் உள்ளத்தைத் தருவானாக! ஆமீன்.