மழலைப் பள்ளியும் மாட்டி வைத்த சான்றிதழும்

வீட்டில் படித்த பிள்ளை ஒருவன் இருந்தால் அவனுக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வரும் காகிதங்களையெல்லாம் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கடிதம், வரி ரசீது எல்லாம் இயற்பியல் முதுகலை மாணவனாகிய என்னிடந்தான் வரும். சென்ற விடுமுறையில் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தபோது என் அக்காள் வேறொன்று கேட்டாள்.

"தம்பி, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கணும். மூணு இடம் பார்த்து வெச்சிருக்கேன். மூணு பேருமே கவர்மெண்ட் லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாங்க. நீ வந்து பார்த்துச் சொல்லு."

பாப்பாவுக்கு வயது மூன்றரை. அக்காளும் மாமாவும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புகிறவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை இவ்வாறுதான் நடக்கிறது. முன்பெல்லாம் தந்தை பூமிக்கு அடியில் இருந்தாலும் ஊரில் இருந்தார். இன்று குழந்தைக்கு ஒன்று நேர்ந்தால் பெற்றோர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பர். அருகில் இருப்பவர் முழங்கால் வலியோடு நடக்கும் என் அம்மா ஒருவரே. ஆகவே "பாதுகாப்பான பள்ளியா?" என்னும் கேள்வி எங்கள் வீட்டில் ஒப்புக்குக் கேட்கப்பட்டதன்று. இது நம்மில் பலர் வீட்டிலும் நாளை எழப்போகும் கேள்வி என்பதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

முதற் பள்ளி இராபர்ட்சன்பேட்டையில் இருந்தது. சுவரெல்லாம் வண்ணப் படங்கள், வாயிலில் வேன், அலுவலறையில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ், அரசு முத்திரையுடன். அக்காள் அதைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டாள். நான் எழுந்து அருகே சென்று படித்தேன். அது ஒரு சங்கத்தைப் பதிவு செய்ததற்கான சான்று. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960இன்படி தரப்பட்டது. நாம் கூடிப் பேசும் நம் மன்றமும் விண்ணப்பித்தால் அப்படி ஒன்றைப் பெறலாம். அதற்கும், குழந்தைகள் அமரும் அறைக்கும், அவர்கள் ஏறும் படிக்கட்டுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. பொய்ச் சான்றிதழ் என்று சொல்லவில்லை. உண்மையான சான்றிதழ்தான், ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது விடையன்று.

இரண்டாம் பள்ளியில் உண்மையிலேயே கல்வித்துறை அனுமதிக் கடிதம் இருந்தது. காலக்கெடுவும் முடியவில்லை. ஆனால் அதில் கண்ட முகவரி வேறு ஒரு தெரு. "முன்னே அங்கே இருந்தோம், வாடகை ஏறிப்போச்சு, இங்கே வந்துட்டோம்" என்றார் அங்கிருந்தவர். புதிய கட்டடத்தில் குழந்தைகள் முதல் மாடியில் இருந்தனர். ஏறவும் இறங்கவும் ஒரே படி. படிக்கு அடியிலேயே சமையல் எரிவாயு உருளை.

அந்தப் படியின் கீழ் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்த ஊர் கும்பகோணம். 2004 ஜூலை 16. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பிலிருந்து இறங்க வழியின்றித் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்டனர். அன்று நான் நடை பழகிய குழந்தை. பின்னாளில் படித்துத்தான் அறிந்தேன். படித்தபோது என்னை உறுத்தியது ஒன்று. அவை கள்ளத்தனமாகக் காட்டுக்குள் நடந்த பள்ளிகள் அல்ல. அவற்றுள் ஒன்று அரசின் உதவி பெறும் பள்ளி. அஃதாவது அரசின் ஏடுகளில் பெயர் ஏறிய பள்ளி. ஏட்டில் பள்ளி இருந்தது. கூரை கீற்றாக இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் பார்த்து, "இது ஆகாது" என்று சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து, 2014 ஜூலை 30ஆம் நாள், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

அத்துயரத்தை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று கூறிற்று. தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்க்கு அவற்றைக் கையாளும் பயிற்சி வேண்டும், கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி அமைய வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டது.

நிற்க. அதே ஆண்டில் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தலாகாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் அச்சட்டம் பேசுவது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்க்கு அரசு முயல வேண்டும் என்ற அளவோடு அரசியலமைப்பும் நின்றுவிடுகிறது. ஓடத் தெரிந்த பிள்ளைக்குச் சட்டம் திடமாக இருக்கிறது. ஓடத் தெரியாத மழலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் 2015இல் விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2017இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் வெளியிட்டது. இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நெறிமுறை வேறு, சட்டம் வேறு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பள்ளியில் நான் தயங்குவதைக் கண்டவர், "பன்னிரண்டு வருஷமா ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லைங்க" என்றார். அக்காள் என்னைப் பார்த்தாள். இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்பது அப்பார்வையின் பொருள். இங்கேதான் நாம் வகுப்பில் படிக்கும் கணக்கு வீட்டுக்குப் பயன்பட்டது. ஓர் இடத்தில் ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கு பெருவிபத்துக்கு வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். மிகவும் மோசமான இடம் அது. தெரிந்தால் எவரும் பிள்ளையை அனுப்பமாட்டோம். அவ்விடத்தில் ஓராண்டு ஒன்றும் நேராமல் கழிய வாய்ப்பு 0.95. பன்னிரண்டு ஆண்டுகள் கழிய அதைப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். விடை 0.54. அத்தனை மோசமான இடங்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டவை "பன்னிரண்டு ஆண்டாக ஒன்றுமில்லை" என்று உண்மையாகவே சொல்லிக்கொள்ளும்! அரிதாக நேரும் தீங்கைப் பற்றி, அது இதுவரை நேரவில்லை என்ற செய்தி நமக்குச் சொல்வது மிகச் சொற்பம். அடிக்கடி நேரும் சிறு பிழைகளே பேசக்கூடியவை: பூட்டாத கேட்டு, தடுமாறி விழுந்த பிள்ளை, வேனில் அளவுக்கு மீறி ஏற்றிய கூட்டம்.

இந்தக் கணக்கை இரவு வீட்டில் விளக்கியபோது தாத்தா சிரித்தார். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். எங்கள் ஊரார் 'ஏர் பிளாஸ்ட்' என்று சொல்லும் பாறை வெடிப்புகளைக் கண்டவர். ஷிப்டு தொடங்குமுன் கம்பியால் மேற்பாறையைத் தட்டி ஒலி கேட்பார்களாம். 'கணீர்' என்றால் பாறை உறுதி. 'பொத்'தென்றால் உள்ளே பிளவு. பார்த்ததைப் புத்தகத்தில் எழுத வேண்டும். "தினமும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு எழுதற மேஸ்திரி இருக்கானே, அவன் கம்பியையே தொடலைன்னு அர்த்தம். அவன் கேங்கில் நான் போகமாட்டேன்" என்றார். நான் பெருக்கிக் கண்டதை அவர் உயிரை வைத்துக் கண்டிருக்கிறார்.

மறுநாள் மூன்றாம் பள்ளிக்குப் போனோம். ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், ஓட்டு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். சுவரில் படமும் இல்லை, சான்றிதழும் இல்லை. கேட்டதும் கோப்பை எடுத்து வந்தார். அனுமதி முடிந்திருந்தது; புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது இருந்தது. பதினெட்டுக் குழந்தைகள், ஓர் ஆசிரியை, ஓர் ஆயா. தரைத்தளம், இரண்டு வாயில். "குழந்தைகள் விழுந்தால் எழுதி வைப்பதுண்டா?" என்று கேட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் தந்தார். தேதி, எங்கே விழுந்தது, என்ன மருந்து இட்டோம், வீட்டுக்கு எத்தனை மணிக்குச் சொன்னோம் என எழுதியிருந்தது. ஜூன் மாதத்தில் பின்வாசற்படியில் மூன்று பிள்ளைகள் விழுந்திருந்தனர். அக்காள் முகம் வாடிற்று. ஜூலையில் ஒரு வரி: 'படி உயரம் குறைத்துச் சிமெண்டு பூசியாயிற்று.' அதன்பின் அப்படியில் எவரும் விழவில்லை. அந்த வரியை அக்காள் இருமுறை படித்தாள்.

குறையும் இருந்தது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள எங்கள் ஊரில் சம்ப் இல்லாத வீடு அரிது. அங்கே சம்பின் மேல் ஒரு தகரத்தை வைத்து அதன்மேல் கல்லை வைத்திருந்தனர். நான் சுட்டிக் காட்டினேன். ஆசிரியை மறுத்துப் பேசவில்லை. அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டார்.

எனினும் என் கண்ணை மட்டும் நம்பவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன், மூன்று பள்ளிகளின் பெயரையும் குறித்துக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். கேட்டது மூன்றே: அனுமதி எந்த முகவரிக்கு, எத்தனை குழந்தைகளுக்கு, எந்த நாள் வரை. முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். இருபத்தாறாம் நாள் வந்தது. முதற் பள்ளியின் பெயரே பதிவில் இல்லை. இரண்டாவதற்குப் பழைய முகவரி. மூன்றாவதற்கு விண்ணப்பம் வந்துள்ளது, ஆய்வு நடைபெற வேண்டும். மூன்றில் ஒன்றுகூடக் குறைவற்றதாக இல்லை. ஒன்று காகிதத்தில் நல்லது, கட்டடத்தில் கெட்டது. மற்றொன்று கட்டடத்தில் நல்லது, காகிதத்தில் காலங்கடந்தது. காகிதத்தைப் புதுப்பிக்கலாம், தீப்பிடித்த மாடியில் இரண்டாவது படியை அப்போது கட்ட முடியாது. நான் மூன்றாவதைச் சொன்னேன், ஆய்வு முடிந்ததா என்று மாதந்தோறும் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கே வேன் கிடையாது. அம்மா தன் முழங்காலோடு நாள்தோறும் இருமுறை நடக்க வேண்டும். "நடக்கறேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

எந்த அனுமதிக் கடிதத்திலும் இடம்பெறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கம் எடுத்த பின் கொட்டிய கழிவு மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், எங்கள் ஊரில் சயனைடு மேடுகளாக மலைபோல் நிற்கிறது. காற்றுக் காலத்தில் அத்தூசி ஊருக்குள் பறக்கும். பள்ளிச் சன்னல் எத்திசை நோக்கியது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. நாங்கள் பார்த்தோம். சன்னல்கள் மேட்டுக்கு எதிர்ப்புறம் இருந்தன.

பாப்பா இப்போது அங்கேதான் போகிறாள். சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் பேசினார். ஆய்வுக்கு அதிகாரி வந்து போயிருக்கிறாராம். கடிதம் இன்னும் வரவில்லை. சம்புக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டிருக்கிறார்கள். சாவி ஆயாவின் இடுப்பில் இருக்கிறது.