குடலைச் சுற்றிய கூடு: அரிய வயிற்று நோயொன்றை அறிதலும் அறுவை சிகிச்சையும்

வயிற்றுவலிக்கு மருத்துவம் தேடி வருவோருள் பெரும்பாலோருக்குக் காரணம் விரைவிலேயே புலப்பட்டுவிடும். இரைப்பைப் புண், பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, குடலிறக்கம், சிறுநீரகக் கல் முதலியவை அன்றாடம் காணப்படுபவை. அவற்றைக் கண்டறியும் வழிகளும் தெளிவானவை. ஆனால் ஒரு சிலருக்கு வலி வரும், போகும்; வலி போனபின் எடுக்கப்படும் பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக இருக்கும். ‘வாய்வு’ என்றும், ‘மனக்கவலை’ என்றும் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் கழிந்துவிடும். அத்தகையோருள் மிகச் சிலரிடம் காணப்படும் அரிய நோயொன்றைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். நோய் அரிதாயினும், அதைக் கண்டறியும் முறையில் எல்லா வயிற்று நோயாளிகளுக்கும் பயன்படும் பாடம் ஒன்று அடங்கியுள்ளது.

ஒரு நோயாளியின் அனுபவம்

அடையாளங்களை மாற்றியே இதைக் கூறுகிறேன். பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தம் தாயுடன் வந்தார். இரண்டு ஆண்டுகளாக, சில வாரங்களுக்கு ஒருமுறை, தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி, வயிறு உப்பும், இருமுறை மும்முறை வாந்தி வரும், ஓரிரு நாள்களில் வாயு பிரிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கல்லூரிக்குச் செல்லாதிருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று உறவினர்கள் பேசத் தொடங்கியிருந்தனர். அவரைப் பரிசோதித்தபோது வயிறு மென்மையாக இருந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் குறையேதும் தெரியவில்லை. நானும் வலி மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, ஆறுதல் கூறி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதங்கள் கழித்து அத்தாய் மீண்டும் வந்தார். தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் சிலவற்றை மேசைமீது வைத்தார். வலி வந்த ஒவ்வொரு நாளின் தாளுக்குப் பின்னாலும் நேரம், உண்டது, வாந்தியின் நிறம் ஆகியவற்றை எழுதி வைத்திருந்தார். “வலிக்கிறப்போ யாருமே படம் எடுக்கலையே டாக்டர்” என்றார். அந்த ஒரு சொல் என்னைத் திருத்தியது. அடுத்த முறை வலி தொடங்கியதும், எந்த நேரமாயினும் நேரே அவசரப் பிரிவுக்கு வருமாறு கூறினேன். பதினோராம் நாள் நள்ளிரவில் வந்தனர். வலி இருக்கும்போதே எடுத்த சி.டி. ஸ்கேனில் விடை கிடைத்தது.

நோயின் தன்மை

வயதுவந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுடையது. மடிந்து மடிந்து கிடந்தாலும், உண்ட உணவை முன்தள்ளுவதற்காக அது இடைவிடாது நெளிந்துகொண்டே இருக்கும். அது உராய்வின்றி அசைய வழுவழுப்பான மெல்லிய உள்ளுறை ஒன்று வயிற்றறை முழுவதையும் போர்த்தியுள்ளது. இதனைப் பெரிட்டோனியம் என்பர்.

சிலருக்கு நீண்டகால அழற்சியின் விளைவாக, தழும்புத் திசுவாலான தடித்த வெண்படலம் ஒன்று உருவாகி, சிறுகுடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சுற்றி மூடிவிடுகிறது. பட்டுக்கூட்டினுள் புழு அடைபட்டிருப்பதுபோல் குடல் அதனுள் அடைபடுகிறது. அதனாலேயே இந்நோய்க்கு ‘அப்டாமினல் கக்கூன்’ என்று பெயர். மருத்துவ அறிக்கைகளில் இப்பெயரையே காண்பீர்கள். இத்தகைய படலம் 1907ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில், பதின்பருவப் பெண்களிடம் காணப்பட்ட குடலடைப்பைப் பற்றிய கட்டுரையொன்றில் இப்பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் இந்நோய் ஆண்களுக்கும், எல்லா வயதினருக்கும் வரக்கூடும்.

காரணங்கள்

நம் நாட்டில் முதலில் எண்ண வேண்டிய காரணம் வயிற்றுக் காசநோய். இருமலோ சளியோ இல்லாமலேயே காசநோய் வயிற்று உள்ளுறையைத் தாக்கக்கூடும். சிறுநீரகச் செயலிழப்புக்காக வயிற்றின் வழியே பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் கவனமாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்யும் ஆண்டுகள் கூடக்கூட இந்த அபாயமும் கூடுகிறது. அச்சிகிச்சையை நிறுத்திய பின்னரும் நோய் தலைகாட்டலாம். முற்காலத்தில் இதய நோய்க்குப் பயன்பட்ட பிராக்டோலால் என்னும் மருந்தாலும் இது ஏற்பட்டது. 1970களிலேயே அம்மாத்திரை கைவிடப்பட்டது. காரணம் எதுவும் புலப்படாத நோயாளிகளும் உள்ளனர்.

கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடு

கூட்டினுள் அகப்பட்ட குடல் எப்போதும் அடைபட்டிருப்பதில்லை. சில வேளைகளில் மடங்கி அடைத்துக்கொள்கிறது. பின்னர்த் தானே விடுபடுகிறது. அடைப்பு நீங்கிய வேளையில் எடுக்கும் படத்தில் விரிந்த குடல் தெரியாது. மெல்லிய படலமோ கண்ணுக்குத் தப்பிவிடும். அல்ட்ராசவுண்ட் ஒலியலைகளைக் குடலில் உள்ள வாயு மறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே, ‘ஸ்கேன் நார்மல்’ என்னும் சொற்களுக்கு, ‘அந்த நாளில், அந்தப் பரிசோதனையில் குறை தெரியவில்லை’ என்பதே பொருள். நோயே இல்லை என்று பொருளன்று.

சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் இந்நோயைக் கண்டறிய மிகவும் உதவுகிறது. சிறுகுடல் மடிப்புகள் ஒரே இடத்தில் கொத்தாகத் திரண்டிருப்பதும், அவற்றைச் சுற்றி ஓர் உறை இருப்பதும் அதில் தெரியும். அப்பரிசோதனைக்கு முன், சிறுநீரகக் குறைபாடு, முன்பு சாய மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை, கருவுற்றிருக்கும் வாய்ப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும். முன்னாளில் இந்நோய் பெரும்பாலும் அறுவை மேசையில் வயிற்றைத் திறந்த பின்னரே தெரியவந்தது. இன்று முன்னதாகவே ஐயுற முடிகிறது; ஆனால் உரிய வேளையில் படம் எடுக்கப்பட வேண்டும்.

பிறவியிலேயே குடல் இடம்மாறி அமைதல், உடலினுள்ளேயே நிகழும் குடலிறக்கம், முந்தைய அறுவையால் உண்டான ஒட்டுதல்கள் முதலியவையும் இவ்வாறே வந்து வந்து மறையும். அவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வலிக்குறிப்பு ஒன்றை எழுதி வாருங்கள். வலி தொடங்கிய நாள், நேரம், இடம். எவ்வளவு நேரம் நீடித்தது. வாந்தி உண்டா, அதன் நிறம் என்ன. வயிறு உப்பியதா, கட்டி போல் எழும்பியதா. மலமும் வாயுவும் கடைசியாக எப்போது பிரிந்தன. பெண்களாயின் மாதவிலக்கு நாள்கள். மாதம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறியுங்கள். மெலிவோடு கூடிய வலியை எந்த மருத்துவரும் எளிதாக ஒதுக்கிவிடமாட்டார். பழைய ஸ்கேன் அறிக்கைகளோடு படங்களையும் பாதுகாத்து வையுங்கள்.

வலி விடாது நீடித்தல், பச்சை நிற வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமை, வயிறு கல்போல் இறுகுதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அவ்வேளையில் பேதி மருந்து கொடுப்பதும், குடல் தட்டுவதும், எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவுவதும் கூடா. அடைபட்ட குடல் அவற்றால் கிழிந்துவிடக்கூடும். மருத்துவர் பார்க்கும்வரை உணவும் நீரும் தர வேண்டா.

சிகிச்சையும் அறுவையும்

நோய் கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனே அறுவை தேவையில்லை. அடைப்பு முழுமையாக இல்லாதபோது, மூக்கு வழியே குழாய் செலுத்திக் குடலுக்கு ஓய்வளித்து, நரம்பு வழியே திரவம் செலுத்திக் காத்திருப்பது வழக்கம். காசநோய் உறுதியானால் அதற்குரிய மருந்துகள் தொடங்கப்படும். அடைப்பு அடிக்கடி திரும்பினாலோ, நீங்காவிட்டாலோ, குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும் அறிகுறி தோன்றினாலோ அறுவை தேவைப்படும்.

இவ்வறுவையின் நோக்கம், படலத்தை உரித்தெடுத்துக் குடலை விடுவிப்பது. நுங்கின் மேல்தோலை உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் உரிப்பதை நினைத்துப் பாருங்கள்; அதைவிடப் பலமடங்கு பொறுமை இதற்கு வேண்டும். அவசரப்பட்டால் குடலில் துளை விழுந்து கசிவு ஏற்படலாம். இப்பணி பல மணி நேரம் நீளக்கூடும். வெளியில் காத்திருக்கும் குடும்பத்தார் நேரம் நீள்வதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டா. படலம் பிரிக்க முடியாதவாறு ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியை அப்படியே விட்டுவிடுவதே சில வேளைகளில் நலம். உயிரோட்டம் இழந்த குடலை மட்டுமே வெட்டி நீக்குவோம். வெட்டிய முனைகளை உடனே இணைப்பது பாதுகாப்பன்று எனத் தோன்றினால், வயிற்றின்மேல் தற்காலிக மலவழி ஒன்று அமைக்கப்படலாம்.

அறுவைக்கு ஒப்புதல் அளிக்குமுன் இவ்வினாக்களைக் கேளுங்கள்: அறுவையின்றிக் காத்திருக்க இயலுமா? குடலை வெட்ட வேண்டிவருமா? மலவழி அமைக்க நேருமா? எடுக்கும் திசு காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பப்படுமா? அடைப்பு மீண்டும் வரக்கூடுமா? கடைசி வினாவுக்கு நேர்மையான விடை, ‘வரக்கூடும்’ என்பதே. தழும்பு மீண்டும் உருவாகி ஒட்டுதல் நேரலாம். அதனால்தான் அறுவைக்குப் பின்னும் வலிக்குறிப்பைத் தொடரச் சொல்கிறோம்.

வீடு திரும்பும் வரையும் அதன் பின்னும்

நெடுநாள் கட்டுண்டிருந்த குடல் மீண்டும் இயங்கச் சில நாள்கள் ஆகும். இக்காலத்தில் வயிறு சற்று உப்புவதும் குழாய் வழியே நீர் வெளியேறுவதும் எதிர்பார்க்கத் தக்கவையே. முதலில் நீர், பின்னர் கஞ்சி, அதன்பின் குழைந்த சோறு என மருத்துவர் கூறும் படிநிலைகளில் உணவு தர வேண்டும். மெலிந்த பிள்ளையைக் கண்டு மனம் பொறுக்காமல் ஒரே நாளில் நிறைய ஊட்டிவிடுவது தீங்காக முடியும். நீண்ட நாள் பட்டினியிருந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்துவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரையும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது; அதில் பொட்டாசியம் மிகுதி.

காசநோய் எனத் தெரிந்தால், வழக்கமாக ஆறு மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறமே, இரத்தமன்று. கண்கள் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே தெரிவியுங்கள். நுரையீரலில் நோய் இல்லையென்று உறுதியானால், வயிற்றுக் காசநோய் மூச்சின் வழியே பிறருக்குப் பரவுவதில்லை. தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்து நோயாளியின் மனத்தைப் புண்படுத்த வேண்டா.

அந்த மாணவிக்குப் படலம் உரித்தெடுக்கப்பட்டது. குடலை வெட்ட நேரவில்லை. திசுப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டார்; இழந்த எடையும் திரும்பியது. அவர் கல்லூரிப் படிப்பைத் தொடர்கிறார். முதல் சந்திப்பில் நான் தவறவிட்டதை அவர் தாயின் நாட்காட்டித் தாள்களே எனக்குக் காட்டிக் கொடுத்தன. இன்று வந்துபோகும் வயிற்றுவலியோடு வருவோர் அனைவரிடமும், பரிசோதனைகள் இயல்பாக இருந்தாலும், ஒன்றைச் சொல்லியே அனுப்புகிறேன்: வலி அடங்கும்வரை காத்திராமல், வலியோடு வாருங்கள்.