புரவலரும் புலமையும்: சதுரங்க வீரர் மீர் சுல்தான்கான்

முன்னுரை

புலவரின் புலமைக்குப் புரவலரின் கொடை துணை நின்ற வரலாற்றைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். அத்தகைய உறவு இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு மேதையை உலகறியச் செய்தது. அவ்வுறவே அவர் மறையவும் காரணமாயிற்று. அம்மேதை மீர் சுல்தான்கான். பஞ்சாபிலிருந்து சென்று, ஐந்தாண்டுக் காலத்துள் ஐரோப்பிய அரங்குகளில் புகழ் ஈட்டி, ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல் உழவுக்கே திரும்பியவர் அவர். அவர் வாழ்வு கற்பிப்பது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் பயணம்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் குறிக்கும் ‘சதுரங்கம்’ என்ற சொல், பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ எனத் திரிந்து, ஆட்டத்தோடு மேற்கே சென்றது. மன்னனைக் குறிக்கும் ‘ஷாஹ்’ என்ற பாரசீகச் சொல்லே ஆங்கிலேயர் வழங்கும் ‘செக்’ என்பதன் மூலமாகும். ஐரோப்பாவில் விதிகள் மாறின. ஆட்டம் விரைவு பெற்றது. இந்தியாவிலோ பழைய முறை நெடுங்காலம் நிலைத்தது. ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டாலும், இந்திய முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடாக, அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம்.

சுல்தான்கான் முதலில் கற்றது இம்முறையையே. இது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஐரோப்பிய வீரர்கள் இளமை முதல் பழகிய விதிகளை அவர் வளர்ந்தபின் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பிறப்பும் பயிற்சியும்

இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதா வட்டாரத்தின் மிட்டா திவானா என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுல்தான்கான் பிறந்தார். தந்தையிடம் ஒன்பது வயதளவில் ஆட்டம் கற்றார். அப்பகுதியின் பெருநிலக்கிழாரான சர் உமர் ஹயாத்கான் திவானா அவர் திறனைக் கண்டு ஆதரித்து, ஐரோப்பிய விதிகளைப் பயிலச் செய்தார். 1928இல் டில்லியில் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான்கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளிகள் பெற்றுத் தோல்வியின்றி வென்றார்.

ஐரோப்பிய வெற்றிகள்

இந்திய அமைச்சருக்கு ஆலோசனை கூறும் அவையில் உறுப்பினராக 1929இல் சர் உமர் இலண்டன் சென்றபோது சுல்தான்கானும் உடன் சென்றார். வின்டர், யேட்ஸ் ஆகிய ஆங்கில வீரர்கள் அவருக்குப் பயிற்சி அளித்தனர். அவ்வாண்டே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் பெற்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது. 1933இல் மகளிர் பட்டத்தை வென்ற பாத்திமாவும் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்தவரே.

1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில், 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக விளங்கிய கபபிளங்காவைச் சுல்தான்கான் வென்றார். அப்போட்டியில் கபபிளங்கா கண்ட ஒரே தோல்வி அதுவே. 1931இல் தார்தகோவருடன் ஆடிய பன்னிரண்டு ஆட்டத் தொடரில் 6½–5½ என வெற்றி பெற்றார். அவ்வாண்டு பிராகா ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்து, ருபின்ஸ்டைன், ஃபுளோர் ஆகியோரை வென்றார். உலக சாம்பியன் அலேகினுடன் சமன் செய்தார்.

தொடக்க நகர்த்தல்களில் அவருக்கு நூற்பயிற்சி குறைவு. அதனால் ஆட்டத்தின் முற்பகுதியில் அடிக்கடி இடர்ப்பட்டார். இடைப்பகுதியில் நிதானத்தாலும், இறுதிப்பகுதியில் பிழையற்ற கணிப்பாலும் ஆட்டத்தை மீட்டார். இங்கிலாந்தின் குளிரும் மலேரியாக் காய்ச்சலும் அவரை வருத்தின. இத்தகைய நிலையில் இவ்வளவு உயர்ந்தவரை மேதை என்றே கபபிளங்கா மதித்தார்.

பெயரும் உண்மையும்

மேனாட்டு எழுத்தாளர் பலர் சுல்தான்கானை ‘எழுத்தறியாத ஏவலர்’ என்றே குறித்தனர். அவர் வழிவந்தோர் இதனை மறுக்கின்றனர். அவர் ஏவலரல்லர், எழுத்தறிவு உடையவர் என்பது அவர்கள் கூற்று. அடைமொழியைக் கொண்டு ஒருவரை அளப்பது ஆய்வு நெறியாகாது. அவர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவையே முதன்மைச் சான்று.

ஒன்று மட்டும் ஐயமற்றது. 1933 இறுதியில் சர் உமருடன் சுல்தான்கானும் தாயகம் திரும்பினார். அத்துடன் அவரது ஐரோப்பிய ஆட்டம் முடிந்தது. 1935இல் காடில்கர் என்பவரைப் பத்து ஆட்டங்களில் 9½–½ எனத் தோற்கடித்தார். திறன் குன்றவில்லை, ஆடுதற்கு அரங்கில்லை. பின்னர் உழவே வாழ்வாயிற்று. தம் மக்களுக்கு அவர் ஆட்டம் கற்பிக்கவில்லை. அதனினும் பயனுள்ளதைச் செய்க என்றாராம். ஃபிடே எனும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முதலாக இருபத்தேழு பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவரிடம் தோற்ற ருபின்ஸ்டைன் அப்பட்டியலில் இடம்பெற்றார். அந்நாளில் உயிருடனிருந்த சுல்தான்கான் இடம்பெறவில்லை. 1966இல் அவர் சர்கோதாவில் மறைந்தார். மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல்தான் அவர் பெயருக்குச் சேர்ந்தது.

முடிவுரை

அதே 2024ஆம் ஆண்டு டிசம்பரில், பதினெட்டு வயதுக் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். நம் வேலப்பன்சாவடிக்கு அண்மையிலுள்ள மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் பயின்றவர் அவர். சுல்தான்கானுக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மேதைமையில் தேட வேண்டியதில்லை. 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதும், 1972இல் சென்னையில் மிகயீல் தால் சதுரங்கக் கழகம் தோன்றியதும், அங்குப் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் இளையோர்க்கு வழி அமைத்தன. கழகம், பள்ளி, பயிற்சியாளர், போட்டி என அவ்வழி பலரால் ஆனது. ஒருவர் விலகினாலும் அடைபடாதது.

புரவலரின் கொடை பெரிதே. சர் உமர் இன்றேல் சுல்தான்கானை உலகம் கண்டிராது. எனினும் ஒருவர் ஊர் திரும்பியவுடன் ஒரு கலை அடங்கிவிடுமாயின், அக்கொடை போதாது. மாணவரின் திறனறிந்து உதவும் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும், தாம் இல்லாத காலத்தும் நிலைத்துப் பயன்தரும் அமைப்புகளை உருவாக்குதல் வேண்டும். சுல்தான்கானின் வாழ்வு நமக்கு விட்டுச்செல்லும் பாடம் இதுவே.