கதிரியக்கத் தூசியும் கிராமப் பாதுகாப்பும்

வெள்ளம் வருமாயின் கரையை உயர்த்துகிறோம். புயல் வருமாயின் கூரையை இறுக்கிக் கட்டுகிறோம். தொற்றுநோய் வருமாயின் நீரைக் காய்ச்சிப் பருகுகிறோம். கண்ணுக்குத் தெரியாததும், மணமற்றதும், தொட்டால் உணர முடியாததுமான ஓர் அபாயம் வருமாயின் என்ன செய்வது? கதிரியக்கம் அத்தகையது. நம் தமிழ்நாட்டின் கடற்கரையில் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் உள்ளன. அவற்றின் சுற்றுப்புறக் கிராமங்களில் அவசரகால ஒத்திகைகளும் நடத்தப்படுகின்றன. ஆகவே, இதுபற்றிய அடிப்படை அறிவு ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் இன்றியமையாதது. அச்சமூட்டுவது நம் நோக்கமன்று. வீண் பீதி, அலட்சியம் ஆகிய இரண்டுக்கும் அறியாமையே தாய் என்பதை நாம் மறத்தலாகாது.

குண்டு வெடிப்பும் தூசியும்

அணுகுண்டு தரைக்கு அருகில் வெடிக்குங்கால், மண்ணும் கல்லும் பொடியாகிக் கதிரியக்கப் பொருள்களோடு கலந்து மேலெழும்புகின்றன. பின்னர் அவை காற்றோடு சென்று தொலைவில் படிகின்றன. 1954 மார்ச் 1ஆம் நாள், பசிபிக் மாகடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ரோஞ்செலாப் தீவின்மீது சில மணி நேரத்தில் வெண்ணிறத் தூள் பொழிந்தது. அஃது இன்னதென்று அறியாத சிறுவர்கள் அதில் விளையாடினர். தீவு மக்கள் அப்புறப்படுத்தப்பட்டதோ இரண்டு நாள் கழித்தே. 1957இல் தாயகம் திரும்பிய அம்மக்கள், தம் மண்ணையும் உணவையும் நம்பி வாழ இயலாமல் 1985இல் மீண்டும் தீவைவிட்டு வெளியேறினர்.

குண்டுத் தூசியின் வீரியம் விரைவாகக் குறையும். வெடித்த 1 மணி நேரத்துக்குப்பின் இருந்த அளவு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகவும், 49 மணி நேரத்தில் நூறில் ஒரு பங்காகவும், இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். எனவே முதல் நாளே மிகக் கொடியது. அந்நாளில் வெளியே ஓடுபவரைவிடக் கெட்டியான சுவருக்குள் தங்குபவரே பெரிதும் பிழைப்பர். கீற்றுக் கொட்டகை போதாது. பள்ளிக்கூடம் போன்ற காரைக் கட்டடத்தின் நடு அறையே தக்க இடம். சுமார் 9 சென்டிமீட்டர் கனமுள்ள மண் கூடக் கதிர்வீச்சைப் பாதியாகக் குறைக்க வல்லது.

அணு உலை விபத்தும் பாலும்

அணு உலை, அணுகுண்டைப்போல் வெடிப்பதில்லை. ஆயினும் அதன் உட்பொருள்கள் வெளியேறினால், மேற்கூறிய கணக்கின்படி விரைவில் குறைவதில்லை. அவற்றுள் நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று கதிரியக்க அயோடின்; இஃது எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மற்றொன்று சீசியம், இது பாதியாவதற்கு 30 ஆண்டுகள் ஆகும்.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் அதிகாலையில், அன்றைய சோவியத் யூனியனைச் சேர்ந்த உக்ரைனில் செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்துச் சிதறியது. அருகிலிருந்த பிரிப்பியாத் நகர மக்கள் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். தொலைவிலிருந்த கிராமங்களில் நிகழ்ந்தது யாது? அயோடின் புல்லில் படிந்தது. புல்லைப் பசு மேய்ந்தது. பசுவின் பாலைக் குழந்தைகள் பருகின. தக்க காலத்தில் எச்சரிக்கை கிட்டாமையால், தாய்மார்கள் நாள்தோறும் போல் அன்பாகப் பால் கொடுத்தனர். குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும். அக்காலத்தில் சிறுவராக இருந்தோருள் 6,000க்கும் மேற்பட்டோருக்கு 2005ஆம் ஆண்டுக்குள் தைராய்டுப் புற்றுநோய் காணப்பட்டது. இதில் பெரும் பங்கு அப்பாலால் விளைந்ததே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையால் உயிர் பிழைத்தனர் என்பது ஆறுதல்.

இத்துன்பம் தடுக்கக் கூடியதே. 1957 அக்டோபரில் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது, ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பால் சில வாரங்கள் விற்பனைக்கு விடப்படாமல் கொட்டப்பட்டது. செர்னோபில் விபத்தின்போது போலந்து நாடு சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு அயோடின் மருந்து அளித்தது. பால் கொட்டப்பட்டது இழப்புத்தான். ஆனால் பாலைப் பின்னால் கறந்துகொள்ளலாம்.

செய்யத்தக்கவை

அபாய அறிவிப்பு வந்தால் கிராமத்தார் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பாராக:

1. வீட்டினுள் சென்று கதவு, சன்னல்களை அடைத்தல். வானொலி முதலியவற்றின் மூலம் அதிகாரிகளின் அறிவிப்பைக் கேட்டல். வெளியேறுமாறு ஆணையிட்டாலன்றி வெளியேறாதிருத்தல்.

2. வெளியில் இருந்து வந்தோர் மேலாடையைக் களைந்து தனியே கட்டி வைத்துச் சோப்பிட்டுக் குளித்தல். தூசியின் பெரும்பகுதி ஆடையோடு நீங்கிவிடும்.

3. கிணற்றையும் நீர்த்தொட்டிகளையும் மூடுதல்; திறந்த குளத்து நீரைப் பருகாதிருத்தல்.

4. கறவைகளைத் தொழுவத்தில் கட்டி, மூடி வைத்த வைக்கோலும் மூடிய நீரும் தருதல், மேய்ச்சலுக்கு விடாதிருத்தல். வைக்கோற்போரைத் தார்ப்பாயால் மூடுதல்.

5. சோதித்து அனுமதிக்கும் வரை பாலையும் கீரையையும் உண்ணாதிருத்தல். காய்ச்சுவதால் கதிரியக்கம் நீங்காது என்பதை நினைவிற் கொள்க.

6. அயோடின் மாத்திரையைச் சுகாதார அலுவலர் சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் மட்டுமே உட்கொள்ளுதல். அயோடின் கலந்த உப்பு இதற்கு ஈடாகாது.

நிலத்தை மீட்டல்

சீசியம் படிந்த நிலம் என்றென்றும் பாழ் என்று எண்ணற்க. பயிர் பொட்டாசியத்தை உறிஞ்சும் வழியிலேயே சீசியத்தையும் உறிஞ்சுகிறது. நிலத்தில் பொட்டாஷ் உரம் போதிய அளவு இருந்தால், சீசியம் பயிரில் ஏறுவது குறையும். 2011ஆம் ஆண்டு விபத்துக்குப் பின்னர் ஜப்பானின் புகுஷிமாப் பகுதி நெல் வயல்களில் இம்முறை பயன் தந்தது. மேல்மண்ணை அகற்றுதலும் ஆழ உழுதலும் பிற வழிகள். எதனைச் செய்வது என்பதை மண் சோதனைக்குப் பின் வேளாண்மை அலுவலரே கூற வேண்டும்.

பழைய இரும்பும் அபாயமே

அணு நிலையம் இல்லாத ஊருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1987இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த கருவியொன்று பழைய இரும்புக் கடையை அடைந்தது. அதனுள் நீல ஒளி வீசிய சீசியத் தூளை அழகென எண்ணி உற்றாருக்குப் பகிர்ந்தனர்; நால்வர் மாண்டனர். 2010இல் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கோபால்ட்டு ஒருவரின் உயிரைக் குடித்தது. மூவிலைக் கதிரியக்கச் சின்னம் பொறித்த பொருளையோ, கனத்த ஈயக் கூட்டையோ கண்டால், தொடாமல் விலகி நின்று காவல் நிலையத்துக்கு அறிவித்தல் கடமை.

ஊராட்சியின் கடமை

அயோடின் மாத்திரை எங்குள்ளது, கூடுமிடம் எது, முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்துச் செல்பவர் யார், ஊரில் கறவைகள் எத்தனை என்பவற்றை ஊராட்சி முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். பாலைக் கொட்டச் சொன்னால் ஏழை உழவர் அன்றைய வருவாயை இழப்பர். அவ்விழப்பை ஈடு செய்யும் வழியையும் கிராம சபையில் பேசி, மாவட்ட ஆட்சியரின் கவனத்துக்குக் கொணர்தல் நன்று. ரோஞ்செலாப் சிறுவர்களுக்கும் செர்னோபில் தாய்மார்களுக்கும் இல்லாமற்போனது வீரமன்று. உரிய நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒருவர் இல்லை என்பதே. நம் கிராமத்தில் அந்த ஒருவராக ஊராட்சி உறுப்பினர் விளங்குவாராக!