கம்பியில்லா இணையத்தின் தடையும் அதனை ஆராயும் முறையும்

இக்காலத்து இல்லங்களுக்கு விளக்கும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ, இணையமும் அத்துணை இன்றியமையாததாயிற்று. பரீட்சைக்கு விண்ணப்பஞ் செய்தலும், கட்டணஞ் செலுத்துதலும், தொலைவிலுள்ள ஆசிரியரிடத்துப் பாடங் கேட்டலும் அதன் வழியே நிகழ்கின்றன. விண்ணப்பத்துக்குரிய இறுதிநாளின் மாலையில் இணைப்பு அறுபடுமாயின், மாணாக்கன் ஒருவன் ஓராண்டுக் காலத்தை வீணே இழத்தலுங் கூடும். ஆயினும், இணைப்புத் தடுமாறும்போது நம்மிற் பலர் செய்வது யாது? கருவியை அணைத்து மீண்டும் ஏற்றுவர். அதனாற் பயனில்லையேல் கம்பெனியாரைக் கடிந்துகொள்வர். அதுவும் பயன்படாவிடின் மிக்க விலை கொடுத்துப் புதிய ரூட்டர் வாங்குவர். குறை எவ்விடத்தது என்று மட்டும் வினவார். குறையின் இடத்தை முன்னர்த் தெளிந்து, பரிகாரத்தைப் பின்னர்த் தேடல்வேண்டும் என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தி வரும் வழி

வெளியுலகினின்று செய்தி நம்மை வந்தடையும் வழி மூன்று பகுதிகளை உடையது. கம்பெனியாரின் நிலையத்திலிருந்து நம் வீட்டு ரூட்டர் வரையுள்ள கம்பி அல்லது கண்ணாடி இழை முதற்பகுதி. ரூட்டரிலிருந்து கைப்பேசி அல்லது கணினி வரையுள்ள வெளி இரண்டாம் பகுதி. வைஃபை என்பது இப்பகுதி ஒன்றற்கே உரிய பெயர். கைப்பேசி அல்லது கணினியே மூன்றாம் பகுதி. முதற்பகுதியின் குறையை இரண்டாம் பகுதியின்மேல் ஏற்றிக் கூறுதலே பெரும்பான்மையோரின் மயக்கத்துக்குக் காரணமாம்.

மூன்று வினாக்கள்

எக்கருவியையும் தொடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. தடை ஒரு கருவியில் மட்டும் உளதா, எல்லாக் கருவிகளிலும் உளதா? ஓர் அறையில் மட்டுமா, வீடெங்குமா? ஒரு வேளையில் மட்டுமா, எப்பொழுதுமா? ஒரு கருவி மட்டும் தடுமாறின் குறை பெரும்பாலும் அக்கருவியதே. ஓர் அறையில் மட்டுமாயின் வெளியில் அலை செல்லும் வழியை ஐயுறுக. எல்லாக் கருவிகளும் எல்லா அறைகளிலும் ஒருங்கே நின்றுவிடின், ரூட்டரையோ அதற்கப்பாலுள்ள இழையையோ நோக்குக. மாலை வேளைகளில் மட்டும் தளர்ச்சி தோன்றின், அண்டை வீட்டாரின் அலைகளோ, பலர் ஒருங்கே பயன்படுத்துவதால் உண்டாகும் நெரிசலோ காரணமாகலாம்.

வழியை இருகூறாக்கல்

அடுத்து, கணினியை ஈதர்நெட் கம்பி ஒன்றினால் ரூட்டரோடு நேரே இணைத்துப் பார்க்க. கம்பிவழி இணைப்புச் செவ்வனே நடந்து, வைஃபை மட்டும் தடுமாறுமாயின் குறை வெளியில் உளது. கம்பிவழியும் தடுமாறின், வைஃபையைக் குறைகூறுதல் தகாது.

கம்பி இல்லாதார் 'பிங்' என்னும் சிறு கட்டளையைக் கையாளலாம். மைக் மியூஸ் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் இதனை இயற்றினார். கடலடியில் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பொருளை அறியும் முறையை ஒட்டி இதற்கு இப்பெயர் அமைந்தது. இது சிறு செய்தி ஒன்றை அனுப்பி, மறுமொழி வந்துசேரும் காலத்தை அளக்கின்றது. முதலில் ரூட்டரின் முகவரிக்கு அனுப்புக. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். பின்னர், கூகுள் நிறுவனம் யாவர்க்கும் திறந்துவைத்துள்ள 8.8.8.8 என்னும் முகவரிக்கு அனுப்புக. ரூட்டரின் மறுமொழியே தாமதித்தாலும் இடையிடையே தவறினாலும் குறை பெரும்பாலும் வெளியில் உளது. ரூட்டர் ஒழுங்காக விடையளிக்க, வெளிமுகவரி மட்டும் விடையளியாதாயின் குறை இழையிலோ கம்பெனியாரிடத்தோ உளது. இரண்டும் விடையளித்தும் பக்கங்கள் திறவாவிடின், பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்னும் அமைப்பைச் சோதிக்க. அமைப்புப் பக்கத்தில் வேறொரு டி.என்.எஸ். முகவரியை இடுதலால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

அலையின் இயல்பு

குறை வெளியில் உளதெனத் தெளிந்தபின் அலையின் இயல்பை நினைத்தல் வேண்டும். ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மன் அறிஞர், மின்காந்த அலைகள் துத்தநாகத் தகட்டில் பட்டுத் திரும்புதலை 1888ஆம் ஆண்டிலேயே சோதனையால் காட்டினார். நம் வீட்டு இரும்பு பீரோவும் அத்தகடு செய்ததையே செய்கின்றது. நீர் அலையை உட்கொள்ளும். கான்கிரீட்டுச் சுவர் அதனைத் தளர்த்தும். ஆதலின், ரூட்டரை பீரோவின் பின்னும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னும், மீன்தொட்டியின் அருகும் வையாது, வீட்டின் நடுவண் சற்றே உயர்ந்த திறந்த இடத்தில் வைக்க.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளில் இயங்கும். முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்; பின்னதன் அலைநீளம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். பின்னது விரைவுடையது, ஆயினும் சுவர்களால் எளிதில் தளரும். ரூட்டர் உள்ள அறையில் 5 கிகாஹெர்ட்ஸும், தொலைவறையில் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஏற்றவை. பின்கூறிய வரிசையில் 1, 6, 11 என்னும் மூன்று சானல்களே ஒன்றோடொன்று மோதாதவை. அண்டை வீட்டார் 6இல் நெருங்கியிருப்பின் நாம் 1அல்லது 11ஐக் கொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், உணவு சூடாக்கும் வேளையில் மட்டும் தடை தோன்றின் காரணம் வெளிப்படை.

அலையின் வலிமையை டிபிஎம் என்னும் அளவால் காட்டும் செயலிகள் உள. −50 நன்று, காணொளி உரையாடலுக்கு −67 போதும், −80இல் இணைப்பு நிலைப்பது அரிது. ஒவ்வொரு பத்தும் குறையுந்தோறும் வலிமை பத்தில் ஒன்றாகின்றது. ஆகவே −50இலிருந்து −80க்கு வீழ்தல், ஆயிரத்தில் ஒருபங்காதல் என்பதை உணர்க.

இழையின் குறை

கண்ணாடி இழையிணைப்பில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்குச் சிவப்பாக எரிந்தால் ஒளி வீட்டை வந்தடையவில்லை என்பது பொருள். இழை கதவிடுக்கில் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருத்தல் கூடும். கழற்றிய இழைமுனையைக் கண்ணெதிரே பிடித்து நோக்கல் ஆகாது. கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி அதனூடே வருதல் கூடும். ரூட்டரை அணைக்குமுன் விளக்குகளின் நிலையைக் குறித்துக்கொள்க. அணைத்து ஏற்றியபின் அச்சான்று மறைந்துவிடும். எந்நாள் எம்மணிக்குத் தடை நேர்ந்தது, பிங் என்ன காட்டியது எனத் தேதிவாரியாக எழுதி முறையிடுவாரின் சொல்லைக் கம்பெனியார் எளிதில் தள்ளிவிடுதற்கு இயலாது.

முடிவுரை

ஒருகால் ஒரு மாற்றமே செய்க. செய்தபின் முன்போற் சோதிக்க. ரூட்டரின் இடத்தையும் சானலையும் டி.என்.எஸ்.ஸையும் ஒருங்கே மாற்றுவார்க்குக் குறை நீங்கினும், எதனால் நீங்கிற்று என்பது விளங்காது. மறுமுறை வருங்கால் அவர் முதலிலிருந்தே தொடங்குவர். ஆய்வுச்சாலையில் நாம் கற்கும் ஒழுங்கும் இதுவே. அதனை வீட்டு மேசைமேல் கையாளும் மாணாக்கர் தம் பெற்றோரின் பொருளைக் காப்பர். இறுதிநாளுக்குரிய விண்ணப்பத்தையும் காலத்தே அனுப்புவர்.