உதவித்தொகைக்கு வரி உண்டா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பேங்கில் பான் கார்டு கேட்டார்கள் என்றும், ஸ்காலர்ஷிப்புக்கு இன்கம்டாக்ஸ் போடுவார்கள் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் பயமுறுத்தினார்கள் என்றும் உன் அப்பா போனில் சொன்னான். பான் கேட்பது பேங்கின் வழக்கமான நடைமுறை. அதற்கும் உன் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை.

படிப்புச் செலவுக்காகக் கொடுக்கும் உதவித்தொகையை வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 10(16) பிரிவில் சொன்னது. ஒரே வாக்கியம்தான் அந்தப் பிரிவு. இவ்வளவு ரூபாய் வரைக்கும் என்ற உச்சவரம்பு அதில் இல்லை. கொடுப்பது அரசாங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் நடப்புக்கு வந்து, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. இந்த விலக்கும் அட்டவணைக்குப் போய்விட்டது, ஆனால் பொருள் அதேதான். ஆகவே, அரசுப் பள்ளியில் படித்ததற்காக உனக்கு மாதாமாதம் வரும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய்க்கோ, கல்லூரி வழியாக வரும் போஸ்ட் மெட்ரிக் தொகைக்கோ வரி கிடையாது. ஏதாவது அறக்கட்டளை உன் ஃபீஸைக் கட்டினாலும் அப்படித்தான்.

ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்தால் அது படிப்புச் செலவாகுமா என்று கேட்டாயாம். நல்ல கேள்வி. 1980-களின் தொடக்கத்திலேயே கர்நாடக உயர்நீதிமன்றம் இதைப் பார்த்திருக்கிறது. கல்விச் செலவு என்றால் கட்டணம் மட்டும் அல்ல, படிப்பதற்காக ஆகும் மற்றச் செலவுகளும் அதில் அடங்கும் என்பது தீர்ப்பு. அமெரிக்காவில் சட்டம் இவ்வளவு தாராளம் இல்லை. அங்கே பட்டப்படிப்பு மாணவருக்கு டியூஷன், கட்டாயப் பாடப்புத்தகம் போன்றவற்றுக்குப் போகும் பகுதிக்குத்தான் விலக்கு. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்கும் பணத்துக்கு வரி உண்டு. அங்கே போய்ப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அங்கே போன பிறகுதான் இது தெரிகிறது.

நீ கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. சிப்காட்டில் இத்தனை வருஷம் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன். பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை வைத்து வரி வருவதில்லை. படிக்கக் கொடுத்தார்களா, வேலைக்குக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. ஓசூரிலிருந்து நம் பக்கம் வரைக்கும் இன்று ஸ்டைபெண்டு என்ற பெயரில் எல்லாவிதமான பணமும் கைமாறுகிறது. அப்ரன்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து பயிற்சி கொடுப்பது ஒரு வகை. அந்தச் சட்டமும் 1961-ல் வந்ததுதான். அதன்படி அப்ரன்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. மத்திய அரசின் பயிற்சித் திட்டத்தில் டிப்ளமோ முடித்தவர்களுக்கு, குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்றுக்கொள்கிறது. இன்னொரு வகை, பிளஸ் டூ முடித்த பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் லைனில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் டிகிரியும் படிக்க வைப்பதாகச் சொல்வது. அங்கே மாதாமாதம் கைக்கு வருவது ஸ்டைபெண்டு என்று எழுதியிருந்தாலும் சம்பளம்தான்.

எது எது என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன். பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பார். அப்ரன்டிஸ் சட்டத்தில் வருகிறவருக்கு பி.எஃப். கிடையாது. பிடித்தால் உன்னைத் தொழிலாளியாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை, உனக்கு அது லாபம்கூட. ஆனால் பிறகு அந்தப் பணத்தை உதவித்தொகை என்று வருமான வரியில் காட்ட முடியாது.

வருமானம் என்றே வைத்துக்கொண்டாலும் உனக்கு வரி வராது. புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. அப்படியிருக்க, இன்டர்ன்ஷிப் பணம் மாதம் 10,000 என்று பேசி 9,000-தான் போட்டார்கள் என்றாயே, அந்த 1,000 என்ன ஆயிற்று? தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கெழுதி 10 சதவீதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டியிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய் உன் பான் எண்ணில் கிடக்கிறது. கட்டினார்களா என்பதை வரித்துறைத் தளத்தில் உன் வரிப்பிடித்தக் கணக்கைத் திறந்து நீயே பார்க்கலாம். ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் உன் அக்கவுண்டுக்குத் திரும்பி வரும், போடாவிட்டால் வராது. ஆறாயிரம்தானே என்று விட்டுவிடாதே. உன் ஆறு மாதப் புதுமைப்பெண் பணம் அது.

ரிட்டர்ன் போட்டால் அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று உன் அப்பா தயங்குகிறான். வீட்டில் யாராவது ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதித்து வருமான வரி கட்டுகிறார்களா என்பதைத்தான் அந்தத் திட்டத்தின் விதி பார்க்கிறது. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உன் 60,000 ரூபாய்க் கணக்கு அதில் வராது.

தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்று வேறு கதை. வருமான வரியில் அப்பாவின் தக்காளி, சாமந்தி வருமானத்துக்கு விலக்கு உண்டு. வருமானச் சான்றில் அதையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். போஸ்ட் மெட்ரிக்குக்கு இரண்டரை லட்சம் என்ற வரம்பை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறிய வருஷம் அப்பாவைக் கொஞ்சம் உஷாராக இருக்கச் சொல். பொய் எழுதச் சொல்லவில்லை, கேட்டால் காட்ட மண்டி ரசீதுகளை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது பான் கார்டு, பாஸ்புக், இன்டர்ன்ஷிப்புக்குக் கொடுத்த கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. சம்பளம் என்று காட்டியிருந்தால் ஒரு படிவம், கட்டணம் என்று காட்டியிருந்தால் வேறு படிவம். எது என்று பார்த்து, நீயே உன் கையால் நிரப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா
கெலமங்கலம்