பெட்டிக்குள் இருப்பது எந்தப் பதிப்பு?

வாசிப்பதற்கு முன் சிந்திக்க
• ஒரு நூலின் முதற்பதிப்பும் திருத்திய பதிப்பும் எவ்வாறு வேறுபடும்?
• நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருள் இணைய இணைப்பு இல்லாமல் இயங்காது என்றால், அது முழுமையாக உங்களுடையதா?

அஞ்சல் தலை, பழைய நாணயம், இசைத்தட்டு ஆகியவற்றைச் சேகரிப்போரைப் போலவே காணொளி விளையாட்டுகளைச் சேகரிப்போரும் உலகெங்கும் உள்ளனர். இணையத்தில் பணம் செலுத்திப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வசதி இருந்தும், இவர்கள் விளையாட்டுகளைப் பெட்டியாகவே வாங்குகின்றனர். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பெட்டியில் வாங்கிய விளையாட்டை நண்பருக்கு இரவல் தரலாம். விளையாடி முடித்தபின் விற்றுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது ஆண்டுகள் கழித்தும் அதை அலமாரியிலிருந்து எடுத்து விளையாடலாம். இந்த மூன்றாவது நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டுள்ளது. பெட்டி கையில் இருந்தாலும், விளையாட்டு முழுமையாக அதற்குள் இருப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

மாற்ற முடியாத சில்லு

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1983ஆம் ஆண்டில் ‘ஃபேமிகாம்’ என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதற்கான விளையாட்டுகள் ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும் சிறு பிளாஸ்டிக் கூடுகளில் விற்கப்பட்டன. கூட்டின் உள்ளே ஒரு சில்லு இருக்கும். தொழிற்சாலையில் அந்தச் சில்லு தயாரிக்கப்படும்போதே விளையாட்டு அதில் பதிக்கப்பட்டுவிடும். அதன்பின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது.

இதனால், விற்பனைக்கு அனுப்பும் முன்பே பிழைகளைக் களைய வேண்டிய கட்டாயம் உருவாக்குநர்களுக்கு இருந்தது. மீறித் தப்பிய பிழைகளை அடுத்த முறை தயாரிக்கும் கார்ட்ரிட்ஜ்களில்தான் திருத்த முடியும். 1998இல் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உள்ளன. தீக்கோயில் பகுதியில் ஒலிக்கும் பின்னணி இசை, முந்திய பதிப்பில் ஒரு விதமாகவும் பிந்திய பதிப்பில் வேறு விதமாகவும் இருக்கும். எந்தப் பதிப்பு எது என்று அடையாளம் கண்டு சேகரிப்பது அத்துறை ஆர்வலர்களுக்கு ஒரு கலை. ஆயினும், எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் அதில் விளையாட்டு தொடக்கம் முதல் இறுதிவரை இருக்கும்.

பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. விளையாடியவரின் முன்னேற்றத்தைச் சேமித்து வைக்க, பல கார்ட்ரிட்ஜ்களின் உள்ளே ஒரு சிறிய மின்கலம் பொருத்தப்பட்டிருந்தது. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் ‘போக்கெமொன்’ விளையாட்டுகளும் அத்தகையவையே. மின்கலம் தீர்ந்துபோனால் சேமித்த விவரங்கள் அழிந்துவிடும். ஆனால், புதிய மின்கலத்தைப் பொருத்தி விளையாட்டை மீண்டும் தொடங்கலாம்.

பாதி அட்டையில், பாதி இணையத்தில்

2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ‘நிண்டெண்டோ சுவிட்ச்’ விற்பனைக்கு வந்தது. அதன் விளையாட்டுகள் விரல்நுனி அளவுள்ள அட்டைகளில் வருகின்றன. குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவற்றின்மீது கடும் கசப்புப் பொருள்கூடப் பூசப்பட்டுள்ளது. விளையாட்டு வெளிவந்தபின் நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்புகள் இந்த அட்டையில் எழுதப்படுவதில்லை. அவை விளையாட்டுக் கருவியின் நினைவகத்திலோ அதில் செருகிய நினைவக அட்டையிலோதான் சேமிக்கப்படுகின்றன.

இதன் விளைவை ஒரு விளையாட்டின்வழி காண்போம். ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் வெளிவந்தது. ஒரு தீவில் குடியேறி, மீன் பிடித்து, அருங்காட்சியகத்தை நிரப்பி, வீட்டை அழகுபடுத்தும் விளையாட்டு அது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த புதுப்பிப்பில் அருங்காட்சியகத்திற்கு ஓவியக்கூடம் கிடைத்தது. ஜூலையில் கடலில் நீந்தி மூழ்கும் வசதி வந்தது. 2021 நவம்பரில் காப்பிக் கடையும் சமையலும் சேர்க்கப்பட்டன. இவை அனைத்தும் இலவசம். ஆனால், முதல் நாள் விற்ற அட்டையை இணைய இணைப்பு இல்லாத புதிய கருவி ஒன்றில் செருகினால், ஓவியக்கூடமும் இருக்காது. காப்பிக் கடையும் இருக்காது. கடலைக் கரையில் நின்று பார்க்கலாம். இறங்கி நீந்த முடியாது.

இப்படி நேர்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது காலம். அட்டைகளையும் வட்டுகளையும் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பப் பல வாரங்கள் தேவை. அந்த வாரங்களிலும் உருவாக்குநர்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கின்றனர். ஆகவே, விற்பனை தொடங்கும் நாளிலேயே ஒரு புதுப்பிப்பு காத்திருக்கிறது. இரண்டாவது செலவு. அதிகக் கொள்ளளவுள்ள அட்டையின் விலையும் அதிகம். சிறிய அட்டையை வாங்கி, மீதியைப் பதிவிறக்கம் செய்யச் சொன்னால் வெளியீட்டாளருக்குச் செலவு மிச்சம்.

இந்தப் போக்கு சில வேளைகளில் எல்லை மீறியதும் உண்டு. 2015இல் வந்த ‘டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5’ விளையாட்டின் வட்டில் பயிற்சிப் பகுதியும் திடல் வடிவமைக்கும் பகுதியுமே பயன்படுத்தும் நிலையில் இருந்தன. மற்றவற்றைப் பெறப் புதுப்பிப்பைப் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் புதுப்பிப்போ வட்டில் இருந்த தரவைவிடப் பெரியது.

2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் வெளிவந்த ‘சுவிட்ச் 2’ கருவியோடு ‘கேம்-கீ கார்டு’ என்னும் புதுவகை அட்டை அறிமுகமானது. இதில் விளையாட்டு இல்லை. திறவுகோல் மட்டுமே உண்டு. அட்டையைச் செருகி, விளையாட்டு முழுவதையும் இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். இத்தகைய அட்டையை இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், என்றாவது ஒருநாள் பதிவிறக்கச் சேவை நின்றுவிட்டால், அதைப் புதிதாக வாங்கியவரின் நிலை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

சேவை நிற்கும் நாள்

சேவை நிற்பது வெறும் கற்பனையன்று. நிண்டெண்டோவின் ‘வீ’ கருவிக்கான இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. ‘3டிஎஸ்’, ‘வீ யூ’ ஆகிய கருவிகளுக்கான இணையக் கடைகளில் 2023 மார்ச் 27ஆம் நாளோடு விற்பனை நின்றது. முன்பே வாங்கியவற்றையும் புதுப்பிப்புகளையும் தொடர்ந்து பதிவிறக்கம் செய்யலாம் என்று நிறுவனம் அறிவித்தது. ஆனால், அது என்றென்றும் தொடரும் என உறுதி கூறவில்லை.

2014இல் வெளியான ‘தி குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் நிலை இன்னும் கடினமானது. அதை விளையாட எப்போதும் இணைய இணைப்பு தேவை. 2024 மார்ச் 31ஆம் நாள் அதன் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின், கடையில் விலை கொடுத்து வாங்கிய வட்டும் பயனற்றுப் போனது.

இந்த இழப்பு சேகரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இயங்கும் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று அந்த ஆய்வு கூறுகிறது. அவற்றை விளையாட விரும்புவோர் பழைய கார்ட்ரிட்ஜ்களையும் வட்டுகளையுமே பெரிதும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. ஜப்பானின் தேசிய நூலகம் 2000ஆம் ஆண்டு முதல், பெட்டியில் விற்கப்படும் விளையாட்டுகளையும் நூல்களைப் போலவே பெற்றுப் பாதுகாத்து வருகிறது. ஆனால், பெட்டிக்குள் இல்லாத புதுப்பிப்பைப் பெட்டியைப் பாதுகாப்பதால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

புதுப்பிப்பு பகையா?

அப்படியானால் புதுப்பிப்புகளே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியன்று. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டு ஏராளமான பிழைகளுடன் வெளிவந்தது. சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கியது. பல புதுப்பிப்புகளுக்குப் பின், 2021 ஜூனில் அது மீண்டும் கடைக்கு வந்தது. பின்னர்ப் பலரின் பாராட்டையும் பெற்றது. புதுப்பிப்பு மட்டும் இல்லாதிருந்தால், அந்த விளையாட்டு குறையுடனேயே நின்றிருக்கும்.

எனவே, புதுப்பிப்பு நல்லதா கெட்டதா என்பதன்று சிக்கல். திருத்தப்பட்ட அந்த நல்ல வடிவம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதே சிக்கல். இதற்கு வழி காட்டிய வெளியீட்டாளர்களும் உள்ளனர். 2019இல் சுவிட்ச் கருவிக்கு வந்த ‘தி விட்சர் 3’ முழுமைப் பதிப்பில், விளையாட்டும் அதன் கூடுதல் கதைகள் இரண்டும் 32 கிகாபைட் அட்டை ஒன்றிலேயே அடங்கியிருந்தன. அதே சைபர்பங்க், 2025இல் சுவிட்ச் 2 கருவிக்கு 64 கிகாபைட் அட்டையில் வந்தது. முயன்றால் முடியும் என்பதற்கு இவை சான்று.

சேகரிப்பவர் செய்யக்கூடியவை

முதலில், பெட்டியின் மேலுள்ள சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும். பதிவிறக்கம் தேவையா, எவ்வளவு இடம் தேவை என்பன அங்கே குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதாக, வெளிவந்த நாளிலேயே வாங்கத் துடிக்காமல் பொறுத்திருந்தால், சில விளையாட்டுகளுக்குத் திருத்தங்கள் அடங்கிய முழுமைப் பதிப்பு வரும். மூன்றாவதாக, சேவை இயங்கும்போதே புதுப்பிப்புகளைப் பெற்றுக் கருவியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்ச் கருவிகள் இரண்டு அருகருகே இருந்தால், ஒன்றில் உள்ள புதுப்பிப்பை இணையம் இன்றியே மற்றொன்றுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. நான்காவதாக, நம் நாட்டைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் அட்டைகளையும் கருவிகளையும் உலர்ந்த பெட்டியில் வைப்பது நல்லது.

வாங்குபவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவருக்கும் உண்டு. இணையத்தில் ஒரு விளையாட்டை விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் எனக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியுள்ளது. அது 2025 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. பெட்டியில் விற்கும் விளையாட்டுக்கும் அதே நேர்மை தேவை. உள்ளே இருப்பது முழு விளையாட்டா, பாதியா, வெறும் திறவுகோலா என்பதை அறிந்து வாங்கும் உரிமை நம் அனைவருக்கும் உண்டு.

அருஞ்சொற்பொருள்
இரவல் – திருப்பித் தரும் நிபந்தனையுடன் பெறும் பொருள்
கொள்ளளவு – ஒன்றில் அடங்கக்கூடிய அளவு
சேவையகம் – இணையம்வழித் தரவை அனுப்பும் கணினி
புதுப்பிப்பு – வெளியீட்டுக்குப் பின் செய்யப்படும் திருத்தம் அல்லது சேர்க்கை
உரிமம் – பயன்படுத்துவதற்கான அனுமதி

கருத்துணர் வினாக்கள்
1. விளையாட்டுகளைப் பெட்டியாக வாங்குவதற்குக் கூறப்படும் மூன்று காரணங்கள் யாவை?
2. பழைய கார்ட்ரிட்ஜில் இருந்த பிழை எவ்வாறு திருத்தப்பட்டது?
3. விற்பனை தொடங்கும் நாளிலேயே புதுப்பிப்பு காத்திருப்பது ஏன்?
4. ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்னும் பழமொழி கேம்-கீ கார்டுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
5. ‘தி குரூ’, ‘அனிமல் கிராசிங்’ ஆகியவற்றை வாங்கியோர் இணைய இணைப்பின்றி எதிர்நோக்கும் நிலைகளை ஒப்பிட்டு எழுதுக.
6. ‘காணொளி விளையாட்டுகளையும் நூல்களைப் போல நூலகங்கள் பாதுகாக்க வேண்டும்.’ இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? இரண்டு காரணங்களுடன் விளக்குக.